மீன் நாறாத வருஷம்

பூவாத்தா குளத்து மீன்களுக்கு வாசம் போன வருஷத்தைப் பற்றி இப்போது அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு தன் தோள்பட்டையைத் தானே ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்வார்கள், அதற்கப்புறம்தான் சொல்ல ஆரம்பிப்பார்கள். நல்ல மழை பெய்த வருஷம் என்பார்கள். மதகுக்கு மேலே தண்ணீர் நின்றது, பரிசலை வீட்டு வாசலிலிருந்தே இறக்கினோம், கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் வலை கொள்ளாமல் கிடைத்தது, ஆனால் ஒரு மீனிலும் மீன் வாசம் இல்லை என்பார்கள். வாசம் எல்லாருக்கும் திரும்பி வந்துவிட்ட இந்தக் காலத்திலும், வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருத்தியைக் கேட்டால் மட்டும் பதில் வராது. அவள் தவமணி. அந்த வருஷந்தான் அவள் தலைப்பிள்ளை பெற்றாள்.

தவமணி மீன்பிடிக்கிற சனத்தில் பிறந்தவள்தான், ஆனால் அவள் அப்பா காலத்திலேயே வலையை விட்டுவிட்டு விசைத்தறிக்குப் போய்விட்டார்கள், அதனால் அவள் தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி வாசத்திலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி பூவாத்தாகுளத்துக்கு வந்த புதிதில் புருஷன் சின்னராசுவின் கைவாசம் அவளுக்கு ஆகவில்லை. அவனும் பாவம், புளி போட்டுத் தேய்ப்பான், எலுமிச்சை போட்டுத் தேய்ப்பான், கடைசியில் சாம்பல் போட்டும் தேய்த்துப் பார்த்தான், என்ன தேய்த்தாலும் விரல் இடுக்கில் குளம் உட்கார்ந்திருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்படியிருந்தவள் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, தன் பழைய பாயில் தன் பழைய தலையணையில் படுத்தும் தூக்கம் வராமல் புரண்டாள். என்னடி தேடுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவள் தேடியது அந்த நாற்றத்தைத்தான். மீன் நாறுகிற அந்தக் கையை வெட்கத்தை விட்டு யாரிடம் கேட்பது?

வளைகாப்பு முடிந்து அவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் ஊரில் அது நடந்தது. முதலில் கண்டுபிடித்தது அவள் மாமியார் ராமாத்தாள். ராமாத்தாள் தினமும் கூடையோடு பஸ் ஏறி டவுனுக்குப் போய் மீன் விற்கிறவள், கண்டக்டர் அவளைப் பார்த்ததும் பின்னால போம்மா பின்னால போம்மா என்பதும், உட்கார்ந்திருக்கிறவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வதும், அவள் அதற்குப் பதிலாக அவர்கள் பரம்பரையை ஒரு தடவை வாய்க்குள்ளேயே கழுவி ஊற்றுவதும் வருஷக்கணக்காக நடந்துவருகிற வழக்கம். அன்றைக்கு ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் ஒரு பட்டுச்சேலைக்காரி வந்து உட்கார்ந்துகொண்டு மகனுக்குப் பெண் பார்த்த கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ராமாத்தாளுக்குப் பயம் வந்துவிட்டது. மீனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கூடையைத் தூக்கி வந்துவிட்டோமோ என்று மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கெண்டைகள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். கண்ணாடியை மோந்து பார்த்தது போல் இருந்தது.

காரணம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாக்ஸும் பனியனும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று வந்திருந்தது. அங்கே வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் சொன்னார்கள், வெள்ளியைப் பொடியாக்கி, பொடியையும் பொடியாக்கி, வெயிலில் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கித் தண்ணீரில் கலந்து வைத்திருக்கிறார்கள், அதில் முக்கி எடுத்த சாக்ஸைத் துவைக்காமல் எத்தனை நாள் போட்டாலும் நாறாதாம் என்று. முக்கி எடுத்து மிஞ்சிய தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது, வாய்க்கால் குளத்துக்கு வந்தது, குளம் மீனின் செவுளுக்குள் போனது. செவுள் வெளுத்துப்போய் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தூண்டிலில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் பக்கத்தில் வந்தும் புழுவென்று தெரியாமல் போய்விட்டன. கொக்கு வந்து நின்றால் கொக்கென்று தெரியாமல் அதன் காலுக்கே வந்து உரசின. கொக்குகள் பறக்க முடியாத அளவுக்குக் கொழுத்து வரப்பில் நடந்து திரிந்தன. ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூக்கில் வைத்துப் பார்த்து, எந்த வாசமும் இல்லை, நல்ல தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஊருக்கும் அப்போது அது நல்லதாகத்தான் பட்டது. மீன்கூடையை உள்ளேயே விடாத தெருவிலெல்லாம் ராமாத்தாளைக் கூப்பிட்டு வாங்கினார்கள். ஊரிலும் எல்லாரும் தின்றார்கள், மூன்று வேளையும் தின்றார்கள். தின்னாதவள் ஒரே ஒருத்தி, சின்னராசுவின் அண்ணன் பெண்டாட்டி நாச்சம்மாள். மீனென்றால் உயிரை விடுகிறவள் அவள், மீன் தலைக்காகப் புருஷனோடு சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போனவள். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். ஈரத்துணியை மென்னு முழுங்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்து என்று சொல்லிவிட்டு, சந்தையில் கடல் கருவாடு வாங்கி வந்து சுட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

மீனைத் தின்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவரவர் உடம்பு வாசம் போனது. முதலில் கொசு கடிப்பது நின்றது, கதவைத் திறந்துபோட்டுச் சுகமாகப் படுத்தார்கள். அப்புறம் வேலை முடித்து வீட்டுக்கு வந்தவனை அவன் வளர்த்த நாயே வேலியில் மறித்துக்கொண்டு குரைத்தது. கறக்கப் போனவளை மாடு உதைத்தது. கண் தெரியாத மாராக்காள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யாரப்பா, என் பையன் எங்கே என்று கேட்டாள். ஊர்கூடி மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். யாரும் அழவில்லை, யாரும் கம்பெனிக்குப் போய்க் கல்லெறியவும் இல்லை, வாசம் போனால் வாசம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு வாசம். ஒரு வீட்டுக்குச் சீரகம், ஒரு வீட்டுக்குக் கற்பூரம், வாத்தியார் வீட்டுக்குப் பாச்சை உருண்டை, ராமாத்தாள் வீட்டுக்கு ஓமம். முடிச்சாகக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நாய்களும் மாடுகளும் பழகிக்கொண்டன. மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்ட வீட்டுக்காரர் பீடியை விட வேண்டியதாகிவிட்டது, அவர் பெண்டாட்டி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

இதெல்லாம் இப்படிப் பழகிப்போய் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் தவமணி மூன்று மாசப் பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள்.

சின்னராசு பஸ் நிறுத்தத்துக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். பையை வாங்குகிற சாக்கில் அவள் அவன் தோளோடு ஒட்டி ஒரு மூச்சு இழுத்தாள். ஓமம்தான் வந்தது. அம்மா வீட்டில் இருந்த மாசமெல்லாம் சேர்த்துவைத்த ஆசை அந்த மூச்சு. வீடு வந்து சேரும் வரை, கூட நடக்கிறவன் தன் புருஷன் போலவே இருக்கிற வேறு யாரோ என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற விரால்தான் வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ராமாத்தாள் நல்ல விராலாகப் பார்த்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, பத்தியக் குழம்பு வைத்து, நாள் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்னவைத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தவமணிக்கு வாய் வரவில்லை, மாமியார் வீட்டில் உப்பில்லை என்று சொல்லக்கூட வெட்கப்படுகிறவள் அவள். பால் பொங்கிக்கொண்டு வந்தது. பொங்கி வந்த பாலைக் குழந்தை குடிக்கவில்லை.

நேற்று வரை அவள் நெஞ்சில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தேடிக் கவ்விய குழந்தை, அன்றைக்கு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிற்று, அந்தப் பக்கம் திருப்பிற்று, பிறகு வேற்றாள் கையில் கொடுத்தது போல் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது. மாமியார் இடுப்பில் செருகிவிட்டிருந்த ஓமத்தை எடுத்துவிட்டு வசம்பு பூசினாள். மஞ்சள் பூசினாள். சாம்பிராணி போட்டாள். குழந்தை தும்மியதே தவிர வாய் வைக்கவில்லை. டப்பாப் பால் கரைத்துக் கொடுத்தார்கள், அப்படியே கக்கிவிட்டது. அழுது அழுது குரல் போய், அழுகைக்கு வாய் மட்டும் திறக்கிறது, சத்தம் வரவில்லை என்கிற நிலைமைக்கு வந்தபோது நாச்சம்மாள் அடுத்த வாசலிலிருந்து வந்தாள். ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடு, ஆனால் அவளுக்குத் தனி அடுப்பு. அடுப்பு பிரிந்ததிலிருந்து அவளும் மாமியாரும் பேசிக்கொள்வதில்லை, அதனால் தவமணியும் பேசுவதில்லை. வந்தவள் யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். குழந்தை அவள் கழுத்து மடிப்பில் மூக்கைப் புதைத்தது, ஒரு பெருமூச்சு விட்டது, கீழே இறங்கி இறங்கித் தேடிற்று. நாச்சம்மாளுக்கு நடக்கிற வயதில் ஒரு பையன், அவன் இன்னும் பால் மறக்கவில்லை.

"ஒண்ணு குடிச்சா என்ன, ரெண்டு குடிச்சா என்ன," என்று நாச்சம்மாள் சுவரோரம் உட்கார்ந்து மாராப்பை விலக்கினாள். "குழாய் தெறந்துதானே கெடக்குது."

குழந்தை குடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தவமணிக்கு நன்றியாக இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

நாச்சம்மாளிடம் ஊரில் வேறு யாரிடமும் இல்லாதது இருந்தது. கருவாடு, வேர்வை, பூண்டு, பையனின் மூத்திரம், பால், அடுப்புப் புகை, எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷியின் வாசமாக அவள் நடந்த இடத்திலெல்லாம் நின்றது. அவள் கருவாடு சுடுகிற நேரம் பார்த்துப் பெண்கள் சல்லடை இரவல் கேட்டு வந்தார்கள், வந்தவர்கள் சல்லடையை வாங்கிக்கொண்டு போகாமல் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் அம்மா தலைக்கு வைக்கிற எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி சின்ன வயதில் வலை காயப்போட்ட மேட்டில் தூங்கிப்போனதைச் சொன்னாள். வலை பின்னுகிற பழனியப்பன் ஓலைப்படலுக்கு வெளியே திரும்பி உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன தன் பெண்டாட்டி விறகு சுமந்து வந்து இறக்குகிற வாசத்தைப் பற்றி யாருக்கென்றில்லாமல் சொல்லிவிட்டு, மூக்கைத் துண்டால் துடைத்தான். நாச்சம்மாள் எல்லாரையும் திட்டிக்கொண்டே இருந்தாள், கண்காட்சியா நடத்தறேன் இங்கே என்று, ஆனால் யாரையும் போகச் சொல்லவில்லை. கருவாட்டை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் புரட்டினாள்.

தவமணியின் குழந்தை நாச்சம்மாள் மடியிலேயே வளர்ந்தது. பசித்தால் அங்கே, தூக்கம் வந்தால் அங்கே. தவமணி கையை நீட்டினால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நாச்சம்மாள் பக்கம் சாய்ந்தது. ராமாத்தாளோ, பசி ஆறிச்சில்ல, யாரு மடியா இருந்தா என்ன என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனத்தது. அதைப் பீய்ச்சிவிடத் தவமணி உச்சிவெயிலில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் குளத்துக்குப் போவாள். தாய்ப்பாலைக் கால்படுகிற இடத்தில் விடக்கூடாது என்பதால் தண்ணீருக்குள் இறங்கி நின்று பீய்ச்சுவாள். அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. இது நின்றுவிட்டால் நான் அந்தக் குழந்தைக்கு யார் என்று அவள் தண்ணீரைப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்ற ஒரு நாள்தான் அந்தச் செந்திட்டைப் பார்த்தாள்.

விரால் குஞ்சுகள். தண்ணீருக்கு மேலே குங்குமத்தைக் கொட்டியது போல் ஒரே கும்பலாக மிதக்கும். அதற்கு நேர் கீழே தாய் விரால் நிற்கும், தகப்பன் விரால் சுற்றி வரும், கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். இந்தக் குஞ்சுகளுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு வாத்து போயிற்று, வாத்தின் பின்னால் போயின. வாத்து கரையேறிவிட்டது, மிதந்து வந்த ஒரு பிளாஸ்டிக் கேனின் நிழலுக்குள் போய் ஒடுங்கின. காற்று கேனைத் தள்ளிக்கொண்டு போக, சின்னராசுவின் பரிசல் வந்தது, பரிசலின் கீழே வந்து சேர்ந்துகொண்டன. தவமணியின் பால் தண்ணீரில் வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டித்தான் போயின, ஒன்றுகூட நிற்கவில்லை.

சின்னராசு துடுப்பைப் போடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"குஞ்சோட திரியற விராலுக்கு வலை போட மாட்டோம். எங்க தாத்தன் காலத்துலயும் போட்டதில்லை."

அவள் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இந்த வருஷம் எல்லா விராலும் தனியாத்தான் திரிஞ்சுது. குஞ்சில்லாத விரால்னு நெனச்சுத்தான் புடிச்சோம். அதுக்குக் குஞ்சு இருந்துருக்குது தவமணி. தன்ற குஞ்சு எதுன்னு அதுக்கே தெரியலை. உனக்குக் குழம்பு வெச்சதும் அதுகளைத்தான்."

அன்றைக்குச் சாயங்காலமே அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். விரால் வலைகளை எடுத்து மடித்துப் பரணில் போட்டார்கள், கொஞ்ச நாளில் மற்ற வலைகளையும் போட்டார்கள். கம்பெனிக் கேட்டுக்கு ஊரே போய் நின்றது அதற்கும் அப்புறம். அது பெரிய கதை, ஆம்பிளைகள் அதைத்தான் விரும்பிச் சொல்வார்கள். தவமணி அதிலெல்லாம் இல்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். வாத்து ஆனாலும் சரி, கேன் ஆனாலும் சரி என்று அந்தக் குஞ்சுகள் போய் ஒண்டியதை யோசித்தாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு நாச்சம்மாளின் பின்வாசலுக்குப் போய் நின்றாள். நாச்சம்மாள் குளித்துவிட்டு மாற்றுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, அவிழ்த்த சேலையைத் துவைக்கிற கல்லில் போட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். தவமணி படலில் இருந்த ஓலையைக் கிள்ளினாள்.

"என்ன, படலைப் பிரிக்க வந்தியா?" என்றாள் நாச்சம்மாள்.

"அக்கா, அந்தச் சேலையை நனைக்காதீங்க."

"ஏன்?"

"நான் கட்டிக்கறனுங்க."

நாச்சம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நேத்துலருந்து கட்டுனது புள்ளே. பையன் வேற மேல மோண்டு வெச்சிருக்கான்."

"இருக்கட்டுங்."

"உன்ற புள்ளை நாந்தான்னு நெனச்சுல்ல குடிக்கும்."

தவமணி தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள். "குடிக்கட்டுங்."

நாச்சம்மாள் சேலையை எடுத்து உதறினாள். அந்த உதறலில் கருவாடும் புகையும் பாலுமாக வாசம் கிளம்பி வந்து முகத்தில் அடித்ததும் தவமணிக்குக் கண் கரித்தது. பிரசவ வலியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் அக்குள், தறிக்கொட்டகைக் கஞ்சி, புதிதில் சுவரைப் பார்த்துப் படுத்த ராத்திரிகளில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குளத்து நாற்றம், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அந்தச் சேலைக்குள்ளிருந்து எழுந்து வந்தன. நாச்சம்மாளே அவளுக்குச் சுற்றிவிட்டாள். ரவிக்கையையும் எடுத்துக் கொடுத்தாள். கழுத்தடியில் தலைப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை முகத்தின் மேல் இழுத்துவிட்டாள்.

"மூஞ்சியக் காட்டாத. மூச்சு விடறதையும் மெதுவா விடு," என்றாள்.

பாயில் ஒருக்களித்துப் படுத்த தவமணியின் பக்கத்தில் குழந்தையைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு நாச்சம்மாள் நிலைப்படியில் போய் நின்றாள். குழந்தை சேலையில் மூக்கை வைத்தது. தேய்த்தது. கையால் தட்டிப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு, பழகிய வீட்டுக்குள் நுழைகிறது போல் உள்ளே நுழைந்து கவ்வியது. கட்டிப்போயிருந்த பால் வலியோடு இறங்கியது. முதுகெலும்பு வரை இழுக்கிற அந்த வலியைத் தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள், இன்னும் இழு இன்னும் இழு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வாங்கினாள். சேலைக்குள் இருப்பவள் யாராக இருந்தால் என்ன, இறங்குவது தன் பால் என்று நினைத்துக்கொண்டாள்.

குடிக்கிற குழந்தைக்குக் கை சும்மா இருக்காது. அது தலைப்பைப் பற்றி முறுக்கிற்று, முறுக்கியதை இழுத்தது, சேலை முகத்திலிருந்து வழுக்கி விழுந்தது.

குழந்தை கண்ணைத் திறந்தது. குடிப்பது நின்றது.

நிலைப்படியில் நாச்சம்மாள் அசையவில்லை. தவமணி மூச்சை விடவில்லை, சிரிக்கவில்லை, கண்ணே என்று கூப்பிடவில்லை, முகத்தை மறுபடி மூடிக்கொள்ளவும் கை வரவில்லை. குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. வாயோரத்தில் பால் வழிய வழியப் பார்த்தது. மூக்குத்தியைப் பார்த்தது, புருவத்தைப் பார்த்தது, கண்ணுக்கு வந்து அங்கேயே நின்றது. சேலையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, அவள் தாடையைத் தொட்டு, நகம் பதியப் பிடித்துக்கொண்டது.

பிறகு குடிக்க ஆரம்பித்தது, கண்ணை மூடாமல்.